தளர்ந்த இருதயமும் தளராத நடையும்

ஓய்வு என்னும் சொல்லைப் போல் இனிக்கும் சொல் உழைத்துக் களைத்தவர்களுக்கு வேறொன்றில்லை. ஊரை விட்டு இந்நகருக்கு வந்து, மில்லிலும் பட்டறையிலும் கட்டட வேலையிலும் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்த நம்மவர்க்கு அச்சொல்லின் அருமை நன்றாகத் தெரியும். ஆகவே வீட்டில் பெரியவர் ஒருவருக்கு நோய் வந்துவிட்டால், அவருக்கு நாம் செய்யக்கூடிய தலையாய மரியாதை அவரைப் படுக்கையில் கிடத்தி ஓய்வு கொடுப்பதே என்று எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணத்தில் பெரும் பிழை ஒன்று மறைந்திருக்கக் கூடும் என்பதை இத்திங்கள் நேயர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறரைக் குறை கூறுவதற்காக அன்று. அப்பிழையில் நமக்கும் பங்குண்டு.

ஸ்ரீராம்புரத்தில் நமக்கு நெடுநாட் பழக்கமுள்ள பெரியவர் ஒருவர் இருக்கிறார். அந்நாளைய வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து இளமையிலேயே இங்கு வந்தவர். மில்லில் நூற்பு இயந்திரங்களின் வரிசைகளுக்கிடையே நாள் முழுவதும் நடந்தே பிழைத்தவர். ராஜா மில் இருந்த இடத்தில் இன்று பெரிய அங்காடி நிற்கிறது; தெருவுக்கு அப்பால் மெட்ரோ ரயில் தலைக்கு மேலே ஓடுகிறது; ஆனால் அந்நாளைய மில் சங்கு ஊதும் நேரத்தை அவர் இன்றும் மறக்கவில்லை. சில திங்களுக்கு முன் அவருக்குக் கால்கள் வீங்கின. இரவில் மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறியது. மருத்துவமனையில் சேர்த்து, உடலிலிருந்த நீரை வடித்து, மாத்திரைகள் எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். “இருதயம் பலவீனமாயிருக்கிறது” என்பதே வீட்டாரின் காதில் விழுந்த செய்தி.

மகனும் மருமகளும் முன்னறையில் கட்டில் போட்டார்கள். நாம் சாத்துக்குடிப் பழங்களுடன் பார்க்கச் சென்றோம். “ஐயா, இத்தனை காலம் ஓடியது போதும். இனி அசையாமல் படுத்திருங்கள், மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்” என்று நாமே சொன்னோம். “நானும் அதைத்தான் சொல்கிறேன், மாமாதான் கேட்பதில்லை” என்றாள் மருமகள். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பலர் சொன்னதைப் பின்னர் அவர் கேட்டுக்கொண்டுவிட்டார் போலும்.

நான்கு திங்கள் கழித்து மீண்டும் சென்றபோது நாம் கண்டது நம்மைத் திடுக்கிடச் செய்தது. வீக்கம் இல்லை, மூச்சும் முன்னைப்போல் வாங்கவில்லை, மாத்திரைகள் தம் வேலையைச் செய்திருந்தன. ஆனால் மனிதரால் எழுந்து நிற்க இயலவில்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பன்னிரண்டு அடிதான். அந்தப் பன்னிரண்டடிக்கும் மகன் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. மருமகள் அடுப்படிக்குச் சென்ற சமயம் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: “இருதயம் கெட்டது ஆறு மாதத்துக்கு முன்னால், கால் கெட்டது இந்தக் கட்டிலில். சாவுக்கு நான் அஞ்சவில்லை. மகன் என்னைத் தூக்கிக்கொண்டு போவதற்குத்தான் கூசுகிறது.”

அடுத்த முறை மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, “நாளொன்றுக்கு எவ்வளவு நடக்கிறார்?” என்று அவர் கேட்டாராம். “ஒரு அடியும் நடக்க விடுவதில்லை, டாக்டர்” என்று மகன் பெருமையோடு சொன்னானாம். மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றே பெரியவரைப் பிசியோதெரபிப் பிரிவுக்கு அனுப்பினார். அச்செய்தியைக் கேட்ட பிறகுதான், நாம் சொன்ன புத்திமதி சரிதானா என்று ஆராயத் தலைப்பட்டோம். அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

முதலில் நோயின் பெயரைப் பற்றி ஒரு சொல். மருத்துவர்கள் இதனை ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்பர். தமிழில் இதயச் செயலிழப்பு என்று எழுதுகிறார்கள். இப்பெயரைக் கேட்டவுடன் இருதயம் நின்றுவிட்டது, அல்லது இன்றோ நாளையோ நிற்கப்போகிறது என்று வீட்டார் நடுங்குகின்றனர். பொருள் அதுவன்று. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இறைத்துக் கொடுக்க இருதயத்தால் இயலவில்லை என்பதே பொருள். ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதனின் இருதயம் நிமிடத்திற்கு ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. இருதயத்தின் இடக் கீழறையில் நிறையும் இரத்தத்தில் நூற்றுக்கு 50 முதல் 70 பங்கு வரை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறுவது இயல்பு. நலிந்த இருதயத்தில் அது 40 பங்குக்கும் கீழே இறங்கிவிடும். வேறு சிலருக்கு இறைக்கும் வலிமை குறையாமலே இருதயத் தசை விறைத்துப்போய், இரத்தம் நிறைவதே கடினமாகிவிடும். இரு வகையிலும் களைப்பு, மூச்சுவாங்கல், கால்வீக்கம் ஆகியவை தோன்றும். மாரடைப்பு, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, வால்வுக் கோளாறு ஆகியவை இந்நோய்க்கு வழிவகுப்பவை.

இந்நோய் நம் நாட்டில் எத்தகையோரைப் பிடிக்கிறது? திருவனந்தபுரத்தில் 2013-ஆம் ஆண்டு மருத்துவமனைகளில் இந்நோய்க்காகச் சேர்ந்த 1205 பேரைப் பதிவு செய்து, அவர்கள் நிலையைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தார் முன்னின்று நடத்திய ஆய்வு அது. நோயாளிகளின் சராசரி வயது 61. பத்துப் பேரில் ஏழு பேருக்கு இருதயத்தின் இரத்தக் குழாய் அடைப்பே மூல காரணம். மேலை நாடுகளில் இந்நோயாளிகள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். இங்கோ மகளுக்குக் கல்யாணம் செய்ய வேண்டிய வயதிலேயே வந்துவிடுகிறது. எனவே, ‘வயதானவர், படுத்திருக்கட்டும்’ என்று ஒதுக்கிவிடக் கூடிய செய்தியன்று இது. குடும்பத்தின் தூணே சாய்ந்துவிடக் கூடாதே என்ற கவலை இதில் அடங்கியிருக்கிறது.

‘இருதயம் பலவீனம் என்றால் அதற்கு வேலை கொடாதிருப்பதுதானே முறை?’ என்று கேட்கலாம். உலகத்து மருத்துவர்களும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினர். மாரடைப்பு வந்தவரை நான்கு முதல் ஆறு வாரம் வரை படுக்கையிலிருந்து அசையவிடாத காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவர்களான சாமுவேல் லெவினும் பெர்னார்டு லௌனும் 1952-இல் அத்தகைய நோயாளிகளைப் படுக்கையிலிருந்து இறக்கி, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். நோயாளியை உட்காரவைப்பதே கொடுமை என்று எதிர்த்தவர்கள் பலர். நோயாளிகளுக்குத் தீங்கு நேரவில்லை என்று கண்ட பின்னரே மருத்துவ உலகம் மெல்ல மெல்ல மனம் மாறிற்று.

படுக்கை மனிதனை என்ன செய்கிறது என்பதை வேறொரு சோதனை இன்னும் தெளிவாகக் காட்டிற்று. 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், இருபது வயதுடைய, நல்ல திடகாத்திரமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் தேடிப் பிடித்து மீண்டும் சோதித்தார்கள். முப்பது ஆண்டு மூப்பு அவர்களுடைய உழைக்கும் திறனைக் குறைத்ததைக் காட்டிலும், மூன்று வாரப் படுக்கை குறைத்ததே அதிகம் என்று தெரியவந்தது. நோயற்ற இளைஞனுக்கே இக்கதி என்றால், எழுபது வயது நோயாளியை நான்கு திங்கள் கிடத்தி வைத்தால் என்னவாகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இருதயம் நலிந்தோர் பயிற்சி செய்யலாமா என்ற கேள்விக்கு 1980-களின் பிற்பகுதியிலிருந்துதான் முறையான விடை கிடைக்கலாயிற்று. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் 1990-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், பதினொரு நோயாளிகள் எட்டு வாரம் தம் வீட்டிலேயே நிலைசைக்கிள் மிதித்தனர். அவர்களுடைய உழைக்கும் திறன் கூடிற்று, மூச்சுவாங்கல் குறைந்தது. பின்னர் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் 82 மருத்துவமனைகளில் 2331 நோயாளிகளைக் கொண்டு நடந்த பேராய்வின் முடிவு 2009-இல் வெளிவந்தது. ஒரு பாதியினருக்கு வழக்கமான மருத்துவம். மறுபாதியினருக்கு அதனுடன், மேற்பார்வையில் 36 முறை பயிற்சியும் பின்னர் வீட்டில் தொடர்ந்து பயிற்சியும்.

அதன் முடிவை உள்ளது உள்ளபடி சொல்லுதல் நம் கடமை. சாவும் மருத்துவமனைச் சேர்க்கையும் பயிற்சி செய்தோரிடையே சற்றுக் குறைந்திருந்தன. ஆயினும் அவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்கலாம் என்று கருதும்படி சிறிதாகவே இருந்தது. நோயின் கடுமை முதலானவற்றைக் கணக்கிற் கொண்டு பார்த்தபோதுதான் நூற்றுக்கு 11 பங்கு குறைவு என்று தேறிற்று. ஆகவே, நடந்தால் ஆயுள் நிச்சயமாக நீளும் என்று நாம் வாக்களிக்க முடியாது. ஆனால் இரண்டு செய்திகள் ஐயமற நிலைபெற்றன. ஒன்று, மருத்துவர் தேர்ந்தெடுத்து அளவிட்டுத் தந்த பயிற்சியினால் இந்நோயாளிகளுக்குக் கேடு விளையவில்லை. மற்றொன்று, பயிற்சி செய்தோர் மூன்று திங்களுக்குள்ளேயே தம் அன்றாட வாழ்வு மேம்பட்டதாக உணர்ந்தனர். அம்மேம்பாடு பின்னும் நீடித்தது.

முதியோரைப் பற்றியும் ஒரு சான்று உண்டு. 2021-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, இந்நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்த, அறுபது வயதும் அதற்கு மேலும் ஆன 349 பேரைப் பற்றியது. வேகமாக நடக்கச் சொல்வதற்கு முன், விழாமல் நிற்கவும், நாற்காலியிலிருந்து எழவும், தடுமாறாமல் திரும்பவும் அவர்களுக்குக் கற்பித்தார்கள். மூன்று திங்களில் அவர்களுடைய நடமாட்டம் தெளிவாக முன்னேறிற்று. மருத்துவமனைக்கு மீண்டும் போவது குறையவில்லை என்பதும் உண்மையே. எனினும் நம் பெரியவருக்கு வேண்டியிருந்தது எது? அந்தப் பன்னிரண்டடி அல்லவா?

இவையெல்லாம் வெளிநாட்டுச் செய்தி என்று நேயர்கள் ஒதுக்க வேண்டா. நம் கர்நாடகத்திலேயே, மணிப்பாலில், இந்நோயுடைய முப்பது பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்து 2011-இல் வெளியாயிற்று. மருத்துவமனையில் இருக்கும்போதே தொடங்கி, பின்னர் எட்டு வாரம் வீட்டிலேயே முறையாக நடந்தவர்கள், வெறும் அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட ஆறு நிமிடத்தில் கூடுதல் தொலைவு நடந்தார்கள். யோகாசனத்தைப் பற்றிக் கேட்கும் அன்பர்களுக்கும் ஒரு செய்தி: மாரடைப்பிலிருந்து மீண்ட 3959 பேரைக் கொண்டு இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் நடந்த யோகப் பயிற்சி ஆய்வு 2020-இல் வெளிவந்தது. சாவு முதலிய பெரிய இடர்கள் குறைந்ததாக உறுதி செய்ய இயலவில்லை. ஆனால் யோகம் பயின்றோர் தம் உடல்நிலை நன்றாயிருப்பதாக உணர்ந்து, பழைய அலுவல்களுக்குத் திரும்பியது கூடிற்று. இது மாரடைப்புக்குப் பிந்திய நிலையைப் பற்றியது என்பதையும், தலைகீழாக நிற்கும் ஆசனங்களும் மூச்சை அடக்கும் முறைகளும் இருதயம் நலிந்தவர்க்கு ஆகா என்பதையும் மறக்கலாகாது.

நலிந்த இருதயத்திற்கு நடை எவ்வாறு நன்மை செய்கிறது? இருதயத்தின் இறைக்கும் வலிமை பயிற்சியினால் பெரிதாகக் கூடிவிடுவதில்லை. நன்மை பெரும்பாலும் கை கால்களில் விளைகிறது. இந்நோயில் தசைகள் மெலிகின்றன. அவற்றின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் குறைகின்றன. கிடைக்கும் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறனும் குன்றுகிறது. மெலிந்த தசை சிறு வேலைக்கே களைத்து, மூச்சை விரைவுபடுத்துகிறது. மூச்சு வாங்குவதனால் நோயாளி அசைய அஞ்சுகிறார். அசையாததனால் தசை இன்னும் மெலிகிறது. கிணற்றில் நீர் குறைந்தபோது நல்ல குடியானவன் என்ன செய்வான்? வாய்க்காலைச் செப்பனிட்டு, உள்ள நீர் வீணாகாமல் பயிருக்குச் சேரச் செய்வான். பயிற்சி செய்வதும் அதுவே. இறைக்கும் நீர் அவ்வளவேதான். அது கடைமடைக்குப் போய்ச் சேருகிறது.

இனி, செய்யும் முறை. முதல் விதி, மருத்துவரைக் கேளாமல் தொடங்கக் கூடாது. நோய் அடங்கி, மாத்திரைகளின் அளவு ஒரு நிலைக்கு வந்த பிறகே பயிற்சிக்குரிய காலம். படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குபவர், நெஞ்சுவலி அடங்காதவர், இருதயத் துடிப்பு தாறுமாறாக உள்ளவர், வால்வு மிகவும் சுருங்கியவர், காய்ச்சலோடு இருப்பவர் ஆகியோர் பொறுத்திருக்க வேண்டும். மருத்துவமனையில் ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று செய்வார்கள். பெரும்பாலும் முப்பது மீட்டர் நீளமுள்ள நடைக்கூடத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, எத்தனை மீட்டர் கடந்தார் என்று அளப்பது. கருவியும் வேண்டா, பெருஞ்செலவும் இல்லை. அவ்வளவைக் குறித்து வைத்துக்கொண்டால், இரண்டு மூன்று திங்கள் கழித்து முன்னேற்றம் தெரியும்.

தொடக்கம் மிகச் சிறிதாக இருக்கலாம். ஐந்து நிமிட நடை. வேண்டுமானால் நடுவில் உட்கார்ந்து, மீண்டும் ஐந்து நிமிடம். உடல் ஏற்றுக்கொண்டால் சில நாட்களுக்கு ஒரு முறை ஓரிரு நிமிடம் கூட்டி, பல வாரங்களில் இருபது முப்பது நிமிடத்தை எட்டுவது பொதுவான முறை. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் சில நிமிடம் மெதுவாகவே நடக்க வேண்டும். திடீரென்று நின்றுவிட்டால் தலை சுற்றும். சாப்பிட்டவுடன் நடத்தல் ஆகாது. ஒன்றரை மணி நேரமாவது கழியட்டும். மார்கழிக் குளிரில் விடியற்காலையில் புறப்படாமல், வெயில் சற்று ஏறிய பின் செல்லலாம்.

வேகம் எவ்வளவு என்பதற்கு எளிய அளவுகோல் உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு தடையின்றிப் பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியாதபடி சற்றே மூச்சு விரைய வேண்டும். பேச்சு துண்டு துண்டாக அறுந்தால் வேகம் மிகுதி. நாடியை எண்ணிப் பார்ப்பதை மட்டும் நம்பலாகாது. இந்நோயாளிகளுக்குத் தரும் மாத்திரைகளில் சில, நாடித் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பவை.

“எங்கள் சந்தில் இரண்டு பக்கமும் ஸ்கூட்டர்கள், நடக்க இடமேது?” என்று கேட்பது நம் காதில் விழுகிறது. மல்லேசுவரத்துக்கு அப்பால் சாங்கி ஏரிக்கரையில் காலையில் நடப்பவர் கூட்டத்தை நாமும் கண்டிருக்கிறோம். எல்லோராலும் அங்குச் செல்ல இயலாதுதான். ஆனால் பத்தடி அறையிலும் நடக்கலாம். சுவரோரம் முப்பது முறை போய் வந்தால் அறுநூறு அடி. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருதல் தொடைக்கு நல்ல பயிற்சி. ஐந்து முறையில் தொடங்கலாம். அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கையில் பிடித்து மெல்ல உயர்த்தி இறக்கலாம். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. பிரிட்டனில் இந்நோயாளிகளுக்கென்று வகுத்த வீட்டுப் பயிற்சி முறை ஒன்றில், நடக்க இயலாதோருக்கு நாற்காலியில் அமர்ந்தபடியே செய்யும் பயிற்சிகளைத் தந்தார்கள். 216 பேரிடம் நடத்திய ஆய்வில் அதனால் அவர்களுடைய வாழ்வு நலம் கூடியதாகத் தெரிந்தது.

எச்சரிக்கைகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். காலையில் சிறுநீர் கழித்த பின், சாப்பிடுமுன், நாள்தோறும் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடலில் நீர் சேர்கிறது என்று பொருள். பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். கால்வீக்கம் மிகுதல், இரவில் கூடுதல் தலையணை வேண்டியிருத்தல், வழக்கமான நடைக்கே மூச்சு முன்னைவிட மிகுதியாக வாங்குதல் ஆகியனவும் அவ்வாறே. நடக்கும்போது நெஞ்சுவலி, மயக்கம், படபடப்பு தோன்றினால் அங்கேயே உட்கார வேண்டும். தணியாவிடில் 108-ஐ அழைக்கத் தயங்கலாகாது. நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர் நடக்குமுன் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்வது நன்று. நடக்கிறோமே என்று ஊறுகாய்க்கும் அப்பளத்துக்கும் கருவாட்டுக்கும் சலுகை கொடுத்துவிட வேண்டா. உப்பு சேர்க்கும் நீரை நடை வடிப்பதில்லை. மாத்திரைகளுக்குப் பயிற்சி மாற்றும் அன்று, துணை மட்டுமே.

முறைகளைச் சொல்லிவிடுவது எளிது. குடும்பத்தின் மனத்தை மாற்றுவதே அரிது. நோயாளியான தகப்பனாரைத் தெருவில் நடக்கவிட்டால், ஊரிலிருந்து வரும் உறவினர் என்ன சொல்வார்கள் என்று மகன் அஞ்சுகிறான். ‘கிழவரை இந்த நிலையிலும் கடைக்கு அனுப்புகிறார்கள்’ என்ற பழிச்சொல்லுக்கு மருமகள் அஞ்சுகிறாள். புலம்பெயர்ந்து வாழும் நமக்கு ஊராரின் பேச்சு இருநூறு மைல் கடந்தும் சுடத்தான் செய்கிறது. வேலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு வேறோர் அச்சமும் உண்டு: வீட்டில் எவருமில்லாதபோது விழுந்துவிட்டால்? அந்த அச்சம் நியாயமானதே. அதற்கு மருந்து, துணைக்கு ஆள் இருக்கும் நேரத்தில் நடக்கச் செய்வதும், தரையில் ஈரமும் வழியில் சாமான்களும் இல்லாமல் வைப்பதும், சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி அடித்துக் கொடுப்பதுமே. படுக்கை அதற்கு மருந்தாகாது.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தாய்க்கோ மனைவிக்கோ இந்நோய் வந்தால், நாள் முழுவதும் வீட்டு வேலை செய்கிறாளே, தனியாகப் பயிற்சி எதற்கு என்று கேட்கிறோம். குடம் தூக்குவதும் துணி பிழிவதும் திடீரென்று பாரம் ஏற்றும் வேலைகள். சீராகக் கூட்டிச் செல்லும் பயிற்சி ஆகமாட்டா. ஒன்று, எல்லா வேலையும் அவள் தலையில். அல்லது, நோய் முற்றியபின் முழுப் படுக்கை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அரைமணி நேரத்தை அவளுக்கென ஒதுக்கித் தருபவர் எத்தனை பேர்? நாம் மேலே கூறிய 2331 பேரில்கூடப் பெண்கள் நூற்றுக்கு 28 பேர்தான்.

மற்றொரு தடை மொழி. பல வீடுகளில் பெரியவர்களுக்குக் கன்னடம் பேச வரும். ஆனால் மருத்துவமனையில் வாய் அடைத்துவிடும். வெளிவரும் சீட்டில் மாத்திரைகளின் பெயர்கள் இருக்கும், நடையைப் பற்றி ஒன்றுமிராது, நாமும் கேட்பதில்லை. மல்லேசுவரத்துக் கே.சி. ஜெனரல் மருத்துவமனையாயினும், பன்னேர்கட்டா சாலையிலுள்ள ஜயதேவா இருதய மருத்துவமனையாயினும், வேறெதுவாயினும், வெளியே வருமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “எஷ்டு ஹொத்து நடீபஹுது?” எவ்வளவு நேரம் நடக்கலாம் என்பதே அது. தமிழில் கேட்டாலும் விளங்கிக்கொள்பவர்கள் இந்நகரில் பலர் உண்டு; கேட்பதுதான் முக்கியம். ஜயதேவாவுக்குச் செல்லும் ஸ்ரீராம்புரத்து அன்பர்கள் பச்சைத் தடத்து மெட்ரோவில் ஏறி, ஆர்.வி. ரோடில் மாறி, 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடத்தில் மருத்துவமனையின் பெயர் கொண்ட நிலையத்திலேயே இறங்கலாம். நோயாளியோடு பஸ்ஸில் நின்றுகொண்டே அல்லல்பட்ட காலம் நினைவிருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நம் சங்கத்து இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊரில் இருந்தால் அண்ணன் தம்பி, பங்காளி, மாமன் மைத்துனன் என்று துணைக்கு வர நால்வர் இருப்பார்கள். இங்கு அந்த இடத்தை அண்டை வீட்டார்தாம் நிரப்ப வேண்டும். உங்கள் சந்தில் இத்தகைய பெரியவர் ஒருவர் இருந்தால், வாரத்தில் இரண்டு மாலை அரைமணி நேரம் அவரோடு நடவுங்கள். நாம் மேலே கூறிய ஆய்வுகளிலும் பயிற்சியைப் பாதியில் தளரவிட்டவர்கள் பலர். தனியே நடப்பவர் விரைவில் சலித்துவிடுவார். பேசிக்கொண்டு நடப்பவர் தொடர்வார். விழா மேடையில் பொன்னாடை போர்த்துவதைவிட இது சிறிய பணியன்று.

நம் பெரியவரின் செய்தியைக் கேட்க நேயர்கள் ஆவலாயிருப்பார்கள். பிசியோதெரபிப் பெண்மணி முதல் நாள் அவரை நான்கு முறை நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கச் செய்தாராம். அவ்வளவே அன்றைய பயிற்சி. இரண்டு வாரத்தில் சுவரைப் பிடித்து நடந்தார். இடையில் உறவினர் வீட்டு விருந்தில் உப்பு மிகுந்து, மீண்டும் கால் வீங்கி, மூன்று நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. வீட்டார் பழையபடி கட்டிலைக் காட்டினார்கள்; இம்முறை அவர் இணங்கவில்லை. வீக்கம் வடிந்ததும் மருத்துவர் சொற்படி ஐந்து நிமிடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

அவர் இருதயம் முன்போலவே நலிந்துதான் இருக்கிறது, மாத்திரைகள் குறையவில்லை, நாளை என்ன என்பதை எவரும் சொல்ல இயலாது. ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை நாம் சென்றபோது முன்னறைக் கட்டில் மடித்துச் சுவரோரம் சாத்தப்பட்டிருந்தது. பெரியவர் தெருமுனைத் தேநீர்க் கடை வரை போயிருப்பதாக மருமகள் சொன்னாள். சிறிது நேரத்தில் திரும்பி வந்தவர், நம்மைக் கண்டு, “உட்காருங்கள், குளித்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லித் தாமே உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டார். மகன் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நாம் முன்பு சொன்ன புத்திமதிக்காக அவரிடம் அன்று மன்னிப்புக் கேட்டோம். “நீங்கள் அன்பாகத்தான் சொன்னீர்கள்” என்றார். அன்பாகச் சொல்வதோடு அறிந்தும் சொல்ல வேண்டும் என்பதே நாம் கற்ற பாடம். நேயர்கள் வீட்டிலும் அத்தகைய கட்டில் ஒன்று கிடக்குமாயின், அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது அந்த ஒரு கேள்வியை மறவாமல் கேளுங்கள். உப்பைப் பற்றி அடுத்த திங்கள் எழுதுவோம்.